ஒரு குடம் தண்ணீரில் ஒரு முழம் பூ!

கரிசல் காட்டில் மலர் வளர்ப்பதும், பறித்த மலரை வாடாமல் காப்பதும் எப்படி?

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இரண்டு விதமான பூக்கள் உண்டு.

ஒன்று, நெருப்புப் பூ. அந்த வட்டாரத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் தயாராகும் பூச்சட்டியைப் பார்த்திருப்பீர்கள். திரியில் நெருப்பு வைத்தால் ஆள் உயரத்துக்குப் பொன்னாகச் சொரியும். குழந்தைகள் கைதட்டுவார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் கரிந்த கூடுதான் மிஞ்சும்.

மற்றொன்று, செடியில் பூக்கும் பூ. அதன் ஆயுளும் நீண்டதல்ல. அந்தியில் மலரும் மல்லிகை மறுநாள் காலையில் பழுப்பேறித் தொங்கிவிடும்.

இந்த இரண்டு பூக்களுக்கும் ஒரு பெரிய சண்டை. மழை பெய்தால் காயப் போட்ட பட்டாசு நனையும். பெய்யாவிட்டால் செடி காயும். பகலில் பட்டாசு வேலைக்குப் போய்விட்டு, மாலையில் வாசல் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தாய்மார்கள் வானத்தைப் பார்த்து எதைத்தான் வேண்டுவார்கள்?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்தில் உள்ளது ஏழாயிரம்பண்ணை. பாளையக்காரர்கள் காலத்திலேயே பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழைதான் ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். கோடையில் குடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு நடப்பது அங்குள்ள பெண்களுக்குப் பழகிப்போன காரியம்.

அப்படிப்பட்ட ஊரில் பூச்செடி வளர்ப்பது ஆடம்பரமா? இல்லை. தலையில் ஒரு முழம் பூ இல்லாமல் தமிழ்நாட்டில் நல்ல நாள் ஏது? ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பூ ஒன்று வீணாக வாடினால், அந்தப் பூவை மட்டும் நாம் தூக்கி எறியவில்லை. செடி குடித்த தண்ணீரையும் சேர்த்துத்தான் தூக்கி எறிகிறோம்.

ஆகவே, குறைந்த தண்ணீரில் நல்ல பூவை வளர்க்க வேண்டும். வளர்த்த பூவை வீணாக்காமல் காக்க வேண்டும். இந்த இரண்டு வித்தையையும் கற்றுக் கொள்வது கஷ்டம் அல்ல.

மண்ணின் குணம்

கரிசல் மண் பொல்லாத மண் அல்ல. பிடிவாதமான மண். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து உப்பிக் கொள்ளும். களிபோல் காலில் ஒட்டும். வெயில் ஏறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பில் சிறு வேர்கள் அறுந்து போகும்.

பருத்திக்கும் கம்புக்கும் ஏற்ற மண் இது. மல்லிகைக்கோ தண்ணீர் வடியும் மண் வேண்டும். செம்மண்ணும் மணலும் கலந்த வண்டல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

என்ன செய்வது? கரிசலில் பள்ளம் தோண்டி நடாதீர்கள். மேட்டுப்பாத்தி போடுங்கள். தோண்டிய குழியில் பாதிக்குச் செம்மண்ணும் ஆற்று மணலும் மட்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். மழைத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு பக்கம் வாய்க்கால் விடுங்கள்.

கரிசலில் இன்னொரு சங்கடமும் உண்டு. மண்ணுக்குள் சுக்கான் கல் இருக்கும். அது சுண்ணாம்புச் சத்து. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக் கொள்ள முடியாது. வீட்டில் நெல் இருந்தும் குத்த உலக்கை இல்லாத கதைதான்!

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கொழுந்து இலையைப் பாருங்கள். இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைவு. அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் முழுவதும் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். முன்னதற்கு மருந்து, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளின் மேல் தெளிக்கலாம். துணியில் பட்டால் கறை போகாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

எந்தச் செடி ஏற்றது?

“எனக்கு மல்லிகைதான் வேண்டும்” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் முதலில் வீட்டின் தண்ணீர்க் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் மிகக் குறைவா? அரளி வையுங்கள். வெயிலும் வறட்சியும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று ஆண்டு முழுதும் பூக்கும். ஆனால் ஒன்று: அரளியின் இலை, பட்டை, பூ, வேர் எல்லாமே நஞ்சு. பிள்ளைகள் வாயில் வைக்காமலும், ஆடு மாடு மேயாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

காகிதப்பூ இன்னொரு கெட்டிச் செடி. அதில் வண்ணமாகத் தெரிபவை இதழ்களே அல்ல, இலைகள்தாம்! நடுவில் வெள்ளையாக, ஊசி போல் இருப்பதுதான் உண்மையான பூ. இந்தச் செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 18ஆம் நூற்றாண்டில் உலகத்தைச் சுற்றிக் கப்பலில் போன புகேன்வில் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அதிகம் ஊற்றினால் இலைதான் வரும். கொஞ்சம் வாட விட்டால்தான் நிறம் காட்டும்.

நம் வாசல்களில் வெளியூர் விருந்தாளிகள் ஏராளம். செண்டுப்பூவும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. எல்லாம் இப்போது நம் சாமி படத்துக்கு மாலையாகிவிட்டன.

வேப்ப மரத்து நிழல்தான் இருக்கிறது என்றால் கனகாம்பரம் வைக்கலாம். மணம் இல்லை என்பது குறைதான். ஆனால் பறித்த பிறகும் மல்லிகையை விட அதிக நேரம் நிறம் மங்காமல் இருக்கும்.

மல்லிகையின் ரகசியம்

சரி, மல்லிகைக்கு வருவோம்.

மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையோடு அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் அந்தப் பெயருக்கு உரியவை. விருதுநகர் மாவட்டமும் அதில் ஒன்று. குண்டு மொட்டு, கனத்த இதழ், நீண்ட காம்பு, நெடுநேரம் நிற்கும் மணம் இவைதாம் அதன் அடையாளம்.

கன்று எங்கே வாங்குவது? இராமேசுவரம் அருகில் உள்ள தங்கச்சிமடம், மல்லிகைக் கன்றுகளுக்குப் பேர் போன ஊர். மணல் பாங்கான அந்தக் கடற்கரை மண்ணில் குச்சிகளை நட்டு வேர் பிடிக்க வைத்து, தமிழ்நாடு முழுவதும் அனுப்புகிறார்கள்.

ஆனி முதல் கார்த்திகை வரை நடலாம். ஒன்றரை முழத்துக்குக் குறையாமல் வெயில் விழும் இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சந்தில் நடாதீர்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமாகப் பார்த்து நடுங்கள். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டராகக் குழி வெட்ட வேண்டும். குழிக்கு 10 கிலோ தொழு உரம் இட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் இடைவெளி வேண்டும். வீட்டுக்கு நாலு செடி போதும். கோடையில் குடும்பத்துக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

மல்லிகைச் செடி வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அதன் மேல் இரக்கப்படுவதுதான்! “இவ்வளவு பச்சையாக நிற்கிறதே, இதை எப்படி வெட்டுவது?” என்று விட்டுவிடுகிறார்கள். செடி புதராக வளரும், பூ வராது. ஏனென்றால் மல்லிகை புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியில்தான் மொட்டு விடும்.

ஆகவே ஆண்டுதோறும் நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். செடி மொட்டையாக நிற்கும். கண்டு பயப்பட வேண்டாம். வேரைச் சுற்றிக் கொத்தி, உரமிட்டு, பிறகு தண்ணீர் விட்டால் தை மாதத்தில் துளிர்க்கும். மாசி, பங்குனியில் மொட்டு கட்டும். சித்திரை, வைகாசியில் செடி வெள்ளையாகிவிடும்.

மார்கழியிலும் தையிலும் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா? அப்போது செடிக்குக் குளிர்கால ஓய்வு. பூ வரத்து குறைவு. முகூர்த்தமும் பொங்கலும் சேர்ந்தால் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. அதே பூ கோடையில் குவியும்போது பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் போகும் நாளும் உண்டு. பூ விவசாயியின் வாழ்வு அப்படி!

புதைத்த பானை

தண்ணீரைச் சிக்கனம் செய்ய ஒரு பழைய உபாயம் இருக்கிறது. மெருகு பூசாத சாதாரண மண்பானை ஒன்றை எடுங்கள். செடிக்கு அருகில் கழுத்தளவு புதையுங்கள். தண்ணீர் நிரப்பி, கொசு புகாமல் மூடி போடுங்கள்.

பானையின் நுண்ணிய துளைகள் வழியாகத் தண்ணீர் மெல்லக் கசியும். மண் காய்ந்திருந்தால் அதிகம் கசியும். ஈரமாக இருந்தால் கசிவு குறையும். வேர்கள் தாமாகவே பானையைத் தேடி வந்து சுற்றிக் கொள்ளும். மேலே ஊற்றினால் வெயில் குடித்துவிடும் தண்ணீர், இங்கே வேருக்கே போய்ச் சேருகிறது. இந்த முறையைச் சீனர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

செடியின் தூரைச் சுற்றி நிலக்கடலைத் தோடு, தென்னை நார்த் துகள், காய்ந்த சருகு ஏதாவது ஒன்றை மூடாக்காகப் போடுங்கள். மண் வெடிக்காது, ஈரம் காக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் இரண்டையும் செடிக்கே விடலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.

பட்டாசு வட்டாரத்து வாசகர்களுக்கு முக்கியமாக ஓர் எச்சரிக்கை: மருந்துப் பொருட்கள் வந்த காலி டிரம், டப்பா, சாக்கு எதையும் பூந்தொட்டியாக்காதீர்கள். பச்சை ஒளிக்காகப் பட்டாசில் சேர்க்கப்பட்டு வந்த பேரியம் உப்பு நஞ்சு. அதைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பழைய டிரம்மில் என்ன ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கழுவினாலும் நம்ப முடியாது. ஐந்து ரூபாய் மிச்சத்துக்காகக் குழந்தைகள் விளையாடும் வாசலில் நஞ்சை வைக்கலாமா?

விடியுமுன் பறிக்க வேண்டும்

மல்லிகை மொட்டு அந்தியில் விரியும். அதற்குள் அது பறிக்கப்பட்டு, சந்தைக்குப் போய், தொடுக்கப்பட்டு, தலையில் ஏறிவிட வேண்டும். அதனால்தான் பூப்பறிக்கும் பெண்கள் விடியுமுன்பே தோட்டத்தில் இறங்குகிறார்கள். நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும்!

எந்த மொட்டைப் பறிப்பது? பச்சை மாறாத சிறு மொட்டைப் பறித்தால் அது கடைசி வரை மலராது. விரிந்த பூவைப் பறித்தால் மதியத்துக்குள் சோர்ந்துவிடும். நன்றாகப் பருத்து, வெள்ளை ஏறி, ஆனால் வாய் திறக்காத மொட்டுதான் சரியான மொட்டு. இதழை அமுக்காமல் காம்பைக் கிள்ள வேண்டும். நகம் பட்ட இடம் ஒரு மணி நேரத்தில் பழுப்பாகிவிடும்.

வெயில் ஏறிய பிறகு பறித்தால் என்ன? மொட்டு சூடாக இருக்கும், நீர்ச்சத்துக் குறைந்திருக்கும். விடியற்காலை மொட்டு இரவெல்லாம் தண்ணீர் குடித்துக் குளிர்ந்திருக்கும். இரண்டுக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு.

பறித்த பூவும் மூச்சு விடும்

பறித்தவுடன் பூ செத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. பறித்த பிறகும் அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது வெப்பம் உண்டாகிறது. மூட்டையாகக் கட்டிய பூவுக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். அந்தச் சூடுதான் பூவைக் கொல்கிறது.

ஆகவே பூவைக் குவித்து வைக்கக் கூடாது. நிழலில், ஈரத் துணியின் மேல் பரப்பி வைக்க வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். சொட்டச் சொட்ட நனைத்தால் கறுத்துப் போகும். பாலிதீன் பையில் அடைத்து முடிச்சுப் போட்டால் உள்ளே புழுங்கிவிடும். வாழை இலையில் சுற்றி வைப்பது எவ்வளவோ மேல். நூலை விட நனைத்த வாழைநாரில் தொடுத்தால் பூ குளிர்ச்சியாக இருக்கும் என்பது நம் பாட்டிமார் கண்ட உண்மை.

பூவுக்கு இன்னொரு எதிரி உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. எத்திலீன் என்ற வாயு.

1901இல் ருஷ்ய விஞ்ஞானி நெல்யுபோவ் தம் ஆய்வுக்கூடத்தில் பட்டாணிச் செடி வளர்த்தார். அவை நேராக வளராமல் கோணலாக வளர்ந்தன. காரணத்தைத் தேடினார். ஆய்வுக்கூடத்து விளக்குகளுக்கு எரிந்த வாயுவில் எத்திலீன் கலந்திருந்தது தெரிய வந்தது! அது செடிகளின் மேல் வேலை செய்யும் வாயு என்று அவர்தான் காட்டினார். பழங்கள் பழுக்கும்போது தாமே இந்த வாயுவை வெளியிடுகின்றன என்பது பின்னால் தெரிந்தது.

நம் ஊரில் வாழைத்தாரைக் குழியில் வைத்துப் புகைமூட்டம் போடுகிறார்களே, அது ஏன்? புகையில் இந்த எத்திலீன் இருக்கிறது. அது காயைப் பழுக்க வைக்கிறது. காயைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவை வாட வைக்கும்!

இப்போது வீட்டுக்கு உபயோகமான ஒரு பாடம் கிடைக்கிறது. பூஜைத் தட்டில் வாழைப்பழத்தையும் பூவையும் நெடுநேரம் ஒன்றாக வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் பழத் தட்டில் பூவை வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் ஈரத் துணி விரித்து, பூவைத் தனியாக வையுங்கள். அடுப்புப் புகை, ஊதுபத்திப் புகை படும் இடத்திலும் பூக்கூடையை வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் உட்கார வைத்த மண்சட்டி போதும். வாயை ஈரத் துணியால் மூடிவிடுங்கள்.

ஜாடியில் வைக்கும் காம்புப் பூ என்றால், காம்பின் அடியைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். தண்ணீருக்குள் முழுகும் இலைகளை நீக்கிவிடுங்கள். நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். சிறிது சர்க்கரையும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் பூ இன்னும் ஓரிரு நாள் நிற்கும். சர்க்கரை பூவுக்கு உணவு. எலுமிச்சையின் புளிப்பு, தண்ணீர் கெடாமல் காக்கும்.

நெதர்லாந்து நாட்டில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் மாபெரும் பூ ஏலம் நடக்கிறது. அங்கே விலை கீழிருந்து ஏறுவதில்லை, மேலிருந்து இறங்கும்! விலை காட்டும் கடிகாரம் இறங்கிக் கொண்டே வரும்போது, முதலில் பொத்தானை அமுக்கியவருக்குப் பூ சொந்தம். பேரம் பேச நேரமில்லை. தோட்டத்திலிருந்து கடை வரை குளிர் விடாமல் காக்கிறார்கள். அவ்வளவு பெரிய வியாபாரத்தின் சூத்திரமும் நம் மண்சட்டியின் சூத்திரமும் ஒன்றுதான்: குளிர்ச்சி, ஈரம், அவசரம்!

கிளியும் மாலையும்

விருதுநகர் மாவட்டத்தில் பூவின் பெருமை தெரிய வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். நந்தவனம் வைத்து மாலை கட்டிய பெரியாழ்வாரின் ஊர் அது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறது. சித்திரைத் திருவிழாவின்போது மதுரைக்கு, கள்ளழகருக்குப் போகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தின்போது திருமலைக்குப் போகிறது.

ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைக் கவனித்திருக்கிறீர்களா? அது பொன்னோ மரமோ அல்ல. நாள்தோறும் புதிதாகப் பச்சை இலைகளால் செய்யப்படுவது. அலகுக்கு மாதுளம்பூ. இறகுக்கு நந்தியாவட்டை, அரளி இதழ்கள். கால்களுக்கு மூங்கில் குச்சி. ஒரு கிளியைச் செய்து முடிக்க நாலரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். மறுநாள் வாடிவிடும் கிளிக்கு இவ்வளவு உழைப்பு! அழகுக்கு ஆயுள் குறைவு என்பதால் உழைப்பைக் குறைப்பதில்லை நம் கைவினைஞர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறார்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை ஆகியவற்றை மடித்து, நெருக்கிக் கட்டினால் பாய் போல் தட்டையாக, மாணிக்கக் கல் பதித்தது போல் மின்னும். அதற்கும் 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

காய்ந்தும் வாழும் பூ

எவ்வளவு காத்தாலும் பச்சைப் பூ ஒரு நாள் வாடித்தான் தீரும். ஆனால் வாடாமல் “காயும்” பூக்கள் உண்டு. அங்கேதான் கரிசல் பூமியின் வெயில், தொல்லையாக இல்லாமல் துணையாக வருகிறது.

இந்த வட்டாரத்தின் வறண்ட காற்றைத் தொழிலாக மாற்றிக் காட்டியவர்கள் முன்பே இருக்கிறார்கள். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீக்குச்சி காய்வதற்கு வெயில் உதவியது. பின்னர் பட்டாசும் வந்தது. மழை இல்லாத குறையே ஊருக்குப் பிழைப்பாயிற்று.

அதே போன்ற வறண்ட வெயிலில் தூத்துக்குடியில் மற்றொரு தொழில் வளர்ந்திருக்கிறது. உலர் மலர்த் தொழில்! பூ, இலை, விதைக்கூடு, தாமரைக் காய், பனை ஓலை ஆகியவற்றைக் காயவைத்து, சாயம் ஏற்றி, மணம் சேர்த்து, வெளிநாடுகளுக்குக் கப்பலில் அனுப்புகிறார்கள். நாம் குப்பை என்று ஒதுக்கும் காய்ந்த விதைக்கூடு, ஐரோப்பியர் வீட்டு மேஜையில் அலங்காரமாக உட்காருகிறது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, தொங்கவிடுவது. வாடாமல்லி, கோழிக்கொண்டை இரண்டும் இதற்கு ஏற்றவை. பூ முழுதாக மலர்ந்ததும், பனி உலர்ந்த காலை வேளையில், நீண்ட காம்போடு வெட்டுங்கள். இலைகளை உருவிவிட்டுச் சிறு கட்டுகளாகக் கட்டி, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். காற்று வர வேண்டும். வெயில் வரக் கூடாது. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும். இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். நிறம் மாதக் கணக்கில் நிற்கும். “வாடாமல்லி” என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை!

இரண்டாவது வழி, மணலில் புதைப்பது. நன்றாகச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்த நயம் மணலை ஒரு டப்பாவில் பரப்புங்கள். ரோஜா, செண்டுப்பூ போன்றவற்றை நிமிர்த்தி வைத்து, இதழ்களுக்கு இடையில் புகும்படி மணலை மெல்லச் சொரியுங்கள். இரண்டு மூன்று வாரம் அசைக்காமல் வையுங்கள். பூ தன் உருவம் கெடாமல் காய்ந்திருக்கும்.

மூன்றாவது வழி, அமுக்கி வைப்பது. பூவையும் இலையையும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனத்த புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பொழுதுபோக்கு. வெறும் விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். செடிகளுக்குப் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குத் தந்த ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 18ஆம் நூற்றாண்டில் அமுக்கிச் சேர்த்த செடிகளை இன்றும் லண்டனில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பேரரசுகள் போய்விட்டன, தாளில் ஒட்டிய இலைகள் இருக்கின்றன!

மல்லிகை இதற்கு ஒத்து வராது. காய்ந்தால் பழுப்பேறிவிடும். அது பச்சையாக மணக்கவே பிறந்த பூ.

காய்ந்த பூவுக்கு ஈரமும் பூச்சியும் பகை. நெருப்பு அதைவிடப் பகை. காய்ந்த பூக்கட்டு தீக்குச்சிக்குச் சமம். விளக்கு மாடத்தின் பக்கத்திலோ, அடுப்பங்கரையிலோ தொங்கவிட வேண்டாம். ஒரு பொறியின் கொடுமையை இந்த வட்டாரத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தொடங்குவது எப்படி?

பெரிய தோட்டம் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாசலில் ஒரு மல்லிகை, சுவர் ஓரத்தில் ஒரு காகிதப்பூ, பானை ஒன்று, கைப்பிடி வாடாமல்லி விதை போதும். முதல் ஆண்டில் பூவை எதிர்பார்க்காதீர்கள், வேரைக் காப்பாற்றுங்கள். இரண்டாம் ஆண்டில் இரக்கப்படாமல் வெட்டுங்கள். மூன்றாம் ஆண்டில் மடி நிறையப் பூப் பறிப்பீர்கள்.

வெளியூர்ச் சந்தையில் ஒரு முழம் பூ வாங்கும்போதும் இதை நினைத்துக் கொள்ளுங்கள். “நேற்றைய பூவா?” என்று கேட்பது நம் உரிமை. ஆனால் அந்த ஒரு முழத்துக்குள் யாரோ ஒரு பெண்ணின் விடியற்காலைத் தூக்கமும், எங்கோ ஒரு கிணற்றின் தண்ணீரும் தொடுக்கப்பட்டிருக்கின்றன.

பூச்சட்டி ஒரு நிமிடம் பூத்துக் கரிந்துவிடுகிறது. அது தீபாவளிக்கு வரும் பூ. வாசலில் நிற்கும் செடியோ, தினம் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தால் ஆண்டுக்கு ஆண்டு பூத்துக் கொண்டே இருக்கும். மாலை வேலை விட்டு வந்ததும் அந்தக் குடத்தைக் கையில் எடுங்கள். வாசலில் ஒரு வாய் தண்ணீருக்காகக் காத்து நிற்கிறது செடி!